மூன்று மணிக்குப் பிறகு சிவப்பு கிடையாது

பஸ்ஸில் ஏறிக் கால் வைத்த மாத்திரத்திலேயே மூக்கக்காவுக்குக் குமட்டியது. முன்சீட்டுக்காரர் தலையில் தடவியிருந்த எண்ணெய், அதற்கும் முன்னால் யாரோ உரித்துத் தின்ற ஆரஞ்சு, போன மழையில் நனைந்து இன்னும் காயாத ஜன்னல் திரை, இத்தனைக்கும் மேலே டிரைவர் தலைக்கு நேராகத் தொங்கிய வாசனை அட்டை. அந்த அட்டையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் மூக்கிலேயே அதைத் திணித்துவிடுவாள். ஒரு நாற்றத்தை மறைக்க இன்னொரு நாற்றமாம்.

"என்னக்கா, இப்பவே மூஞ்சியச் சுளிக்கிற? பஸ்ஸே இன்னும் கெளம்பல," என்றாள் தங்கச்சி.

"நான் எங்கடி சுளிக்கிறேன்? அதுவா சுளிச்சுக்குது."

தங்கச்சி சிரித்துக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்தப் பழக்கம்தான். உட்கார, எழ, படி இறங்க, எல்லாவற்றுக்கும் அக்காவின் முழங்கை வேண்டும். கட்டின புருஷன் பக்கத்தில் மலை மாதிரி நின்றாலும் அவள் கை தேடுவது இந்த முழங்கையைத்தான். அதில் மூக்கக்காவுக்கு ஒரு பெருமை. வெளியே சொல்லமாட்டாள்.

மூக்கக்கா என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். மீனையும் இறாலையும் உறையவைத்துக் கப்பலேற்றும் இடம் அது. அங்கே இருபத்துமூன்று வருடமாக அவளுக்கு மோந்து பார்க்கிற வேலை. இதுவும் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்த அறையில் வந்து நிற்கட்டும். ஒரு நாளைக்கு அறுபது தட்டு. தட்டுக்கு ஐந்து இறால். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, கழுத்தை ஒடித்து, ஒடித்த இடத்தை மூக்குக்குக் கீழே பிடிக்க வேண்டும். கடலிலிருந்து வருகிற எதற்கும் கவிச்சி உண்டு, அது குற்றமில்லை. கவிச்சியைத் தாண்டினால் வாடை. வாடையைத் தாண்டினால் நெடி. அதற்கும் மேலே வீச்சம், கடைசியில் நாற்றம். சாதாரண ஜனங்களுக்கு இது எல்லாமே ஒன்றுதான். எங்கே கோடு கிழிப்பது என்று தெரிந்தவள் அந்தத் தொழிற்சாலையில் அவள் ஒருத்திதான்.

அதற்காக அவள் இழந்தது கொஞ்சமா? பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, பச்சை வெங்காயத்தைக் கடித்து இருபத்துமூன்று வருடமாகிறது. கல்யாணத்துக்குக் கேட்டு வந்த மூன்று பேரையும் மூக்குதான் தட்டிக்கழித்தது. முதல் ஆளின் சட்டையில் அந்துருண்டை. இரண்டாவது ஆள் காலுறையைக் கழற்றினார், அதோடு பேச்சு முடிந்தது. மூன்றாமவர் தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் சொத்தைப் பல். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "மூக்கோடயே குடும்பம் நடத்து," என்று சொல்லிவிட்டார்கள். அவளும் தங்கச்சி வீட்டு மாடியில் ஒரு அறையில் அப்படித்தான் நடத்திவந்தாள். இரவும் பகலும் ஜன்னல் திறந்தே இருக்கும். அந்த அறையில் எதற்கும் எந்த வாசமும் கிடையாது.

இனி டேப் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மோந்து பார்த்ததும் பெட்டியில் ஒரு டேப் ஒட்டுவார்கள். பச்சை என்றால் கப்பலுக்கு. மஞ்சள் என்றால் ஊருக்குள் விற்க: அளவில் சிறியது, கால் உடைந்தது, தலை நசுங்கியது, ஆனால் தின்னலாம். சிவப்பு என்றால் மனுஷ வாய்க்கு ஆகாது, கோழித்தீவனம் அரைக்கிற ஆலைக்குப் போகவேண்டியது. டேப் மேலே மார்க்கர் பேனாவால் தேதியும் மணியும் எழுதி, ஒட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். மூக்கக்காவின் கையெழுத்து ஒரு சுழி, அதற்கு ஒரு வால். அவ்வளவுதான்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் டேப்பைக் கிழித்து ஒட்டினால் போதும். சிவப்புக்கு அப்படி இல்லை. மூன்று நகல் ஃபாரம் எழுதணும், மேனேஜர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும், சரக்கைக் கொண்டுவந்த படகுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டணும், அவர் போடுகிற கூச்சலைக் கேட்கணும். மேனேஜரோ மூன்று மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே அந்த அறையில் எங்கேயும் எழுதாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இருந்தது: மூன்று மணிக்குப் பிறகு சிவப்பு கிடையாது. "அக்கா, செவப்புப் போட்டா பெட்டிய ராத்திரி எங்க வைக்கிறது? மஞ்சள் ஒட்டிவிடுங்க," என்பார் சூப்பர்வைசர். மூக்கக்கா முகத்தைச் சுளிப்பாள், 'தூ' என்பாள், இதெல்லாம் ஒரு பொழைப்பா என்று முணுமுணுப்பாள். பிறகு மஞ்சள் ஒட்டிவிட்டு ஐந்து மணி வேனைப் பிடிக்க ஓடுவாள். மஞ்சள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வாசலில் இடது பக்கம் திரும்பும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. வேலை முடிந்தது, கையைக் கழுவினாள், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு உடம்புக்கு வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால். தெருமுனைக் கடையில் வாங்கிவந்த இறாலை ஆசையாக வறுத்து, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் ஒருத்தியே தின்றிருக்கிறாள். அன்றைக்கு ஆரம்பித்த வாந்தி அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது. பதினோரு நாள் கையில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். நாலாவது நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பிழைத்து வந்தவள் எலும்பும் தோலுமாக வந்தாள். அப்புறம் மாதக்கணக்கில் கஞ்சி, ரொட்டி, கஞ்சி.

மூக்கக்கா சும்மா இருப்பாளா? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனாள். நடுத்தெருவில் நின்று கடைக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இறால் பெட்டியைக் காலால் எட்டி உதைத்தாள். ஐஸ் தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. அந்த மனுஷன், "நான் ஐஸ்லதான்மா வச்சிருந்தேன்," என்று அழாத குறையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? அதோடு அவர் மீன் வியாபாரத்தையே விட்டுவிட்டார். இப்போது அதே கடையில் துடைப்பமும் வாளியும் விற்கிறார். வீடு திரும்பியபோது, உதைத்த பெட்டியின் டேப் துண்டு ஒன்று அவள் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தது. அதை ஒரு குச்சியால் நெம்பிச் சாக்கடையில் தள்ளிவிட்டு, செருப்பையும் தேய்த்துக் கழுவினாள்.

போன வாரம்தான் டாக்டர், "இனி எல்லாம் சாப்பிடலாம், ஆனா சுத்தமானதா இருக்கணும். இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த உடம்பு தாங்காது," என்று சொல்லி அனுப்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் தங்கச்சி ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டே ரெண்டு ஆசைக்கா. ஒரு தட்டு வறுத்த இறால். அப்புறம், யாராவது என் கண்ணு முன்னால நின்னு பாடணும். ரேடியோ கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

தங்கச்சி புருஷன் அதற்கும் ஒரு இடம் வைத்திருந்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், கழிமுகத்தோரம் ஒரு சின்ன ஊர். படகுத்துறையிலேயே சாப்பாட்டுக் கடை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டுக் கச்சேரி. "கடல்ல இருந்து நேரா சட்டிக்கு வருதுக்கா," என்றார். அந்த ஆள் எதையும் தின்று பார்த்த மாதிரி பேசுவார், போய்ப் பார்த்திருக்கமாட்டார்.

மூக்கக்கா ஒரு கட்டளை போட்டாள். "நான் மோந்து பாத்துத் தலையாட்டாம ஒரு பருக்கைகூட வாயில வைக்கக் கூடாது. சரியா?"

"நீ கூட இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்? உன் மூக்கு இருக்கே," என்றாள் தங்கச்சி.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மூக்கக்காவுக்கு அது உல்லாசப் பயணமில்லை. தங்கச்சியின் உயிரைத் தன் மூக்கில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

ஊர் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்தாள். படகுத்துறைத் தண்ணீரில் டீசல் வானவில் கட்டி மினுங்கியது. தர்பூசணித் தோல், ஒற்றைச் செருப்பு, வயிறு ஊதிய ஏதோ ஒரு ஜந்து, எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. அதைப் பின்னால் வைத்துச் சிரித்துப் படம் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம். கம்பி நெடுகப் பறவை எச்சம். அந்தக் கம்பியையே பிடித்து நின்று ஒரு பெண் குழந்தைக்கு ரொட்டி ஊட்டினாள். அதே கையால்.

"காத்து எவ்வளவு நல்லா இருக்கு!" என்றார் தங்கச்சி புருஷன், நெஞ்சு விரிய மூச்சை இழுத்து.

"மாப்பிள்ளை, உங்களுக்கு மூக்கு சும்மா கண்ணாடி மாட்டத்தான்," என்றாள் மூக்கக்கா.

சாப்பாட்டுக் கடை தண்ணீர் மேல் கட்டிய பலகைத் தளம். கூட்டம் நெரிந்தது. இடம் கிடைக்கும்போது மத்தியானம் மணி ஒன்றரை ஆகிவிட்டது. உட்கார்ந்து மேசையில் கை வைத்தாள். கை திரும்பி வர யோசித்தது. துடைக்க வந்த பரிமாறுகிறவரின் துணியைப் பார்த்ததும், "ஐயா, நீங்க ஒண்ணும் துடைக்க வேணாம், அழுக்கு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்," என்று கும்பிட்டாள். பக்கத்து மேசைக்கு அவர் கொண்டுபோன சூப்பில் அவருடைய கட்டைவிரல் பாதி முங்கியிருந்தது. அந்த மேசைக்காரர், மீசை வைத்த ஒரு பெருத்த உடம்பு, நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து நறநறவென்று உடைத்தார். உடைத்து, உறிஞ்சி, விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சூப்பி, அதே விரலால் பட்டியல் அட்டையைப் புரட்டி அடுத்தது என்ன என்று தேடினார். அந்த அட்டை அப்புறம் இவர்கள் மேசைக்கு வந்தது. மூக்கக்கா அதைக் கைக்குட்டையால் பிடித்துத் தங்கச்சி புருஷனிடம் தள்ளினாள்.

நாலு பேர் கொண்ட பாட்டுக் கோஷ்டி மூலையில் ஒரு சின்ன மேடையில் நின்றது. சாக்ஸபோன் வாசிப்பவர் பாட்டுக்குப் பாட்டு வாத்தியத்தைக் கவிழ்த்து எச்சிலைப் பலகையில் வடித்தார். வடித்த இடத்துக்கு ஒன்றரை அடி தள்ளித்தான் முதல் மேசை. பாடுகிற அம்மாள் நீல கவுன் போட்ட கனத்த உடம்புக்காரி. மைக்கின் தலையில் மாட்டியிருந்த பஞ்சு எத்தனை வாயைப் பார்த்திருக்குமோ என்று நினைத்தபோதே மூக்கக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த அம்மாள் பாட ஆரம்பித்ததும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அந்த ஊரில் குரல் ஒன்றுதான் சுத்தம்.

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மேசையில் தாளம் போட்டது. ஆறு மாதமாகச் சாம்பல் பூத்திருந்த அந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுவதை மூக்கக்கா பார்த்தாள். சரி, ஒரு தட்டு இறால் நல்லபடியாக வந்துவிட்டால் போதும், இந்த அசிங்கத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தட்டு வர ரெண்டேகால் ஆயிற்று. பத்தடி தூரத்தில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேலே பூண்டு. அதற்குக் கீழே எலுமிச்சை, மிளகு, காய்ந்த எண்ணெய். இத்தனையும் போர்வை. போர்வைக்கு அடியில் வேறொன்று படுத்திருந்தது. நெடியா, வீச்சமா? தட்டு மேசைக்கு வந்ததும் ஒரு இறாலை எடுத்துக் கழுத்தை ஒடித்தாள். ஒடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நனைந்த காகிதம் மாதிரி தானே பிய்ந்து வந்தது. கழுத்தில் கறுப்பு வளையம். மூக்குக்குக் கீழே பிடித்தாள். கோழி திங்கவேண்டிய சரக்கு. சந்தேகமே இல்லை.

அதற்குள் தங்கச்சி முள்கரண்டியில் ஒன்றைக் குத்தி, ஆசையாக ஊதி ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தாள். வாயில் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அக்காவின் தலையாட்டலுக்குக் காத்திருந்தாள்.

"போடுடி கீழ!" மூக்கக்கா கையைத் தட்டிவிட்ட வேகத்தில் கரண்டி பலகையில் விழுந்து உருண்டது. பாட்டு நின்றது. அவள் எழுந்து நின்று எல்லா மேசைக்கும் பொதுவாகக் கத்தினாள். "யாரும் இறாலத் தொடாதீங்க! கெட்டுப்போன சரக்கு!"

மீசைக்காரர் மென்றுகொண்டே, "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"உங்களுக்குக் கல்லக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். துப்புங்க!"

அவர் துப்பிவிட்டார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் துப்பியிருப்பார்கள். கடை முதலாளி உள்ளேயிருந்து வேட்டைக்குக் கிளம்பினவர் மாதிரி வந்தார். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"என்னம்மா பிரச்சனை? இன்னைக்குக் காலைல வந்த இறால் இது."

"எப்ப வந்துச்சுன்னு நான் கேக்கல. எப்ப செத்துச்சுன்னு கேக்குறேன்."

"எங்க கடையில அப்படியெல்லாம்..."

"பூண்ட அள்ளிப் போட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? பச்சப் பிள்ளைங்க சாப்பிடுற எடம் இது. என் தங்கச்சி சாவக் கண்டுட்டு வந்து உக்காந்திருக்கா. இத மனுஷன் திங்கலாம்னு எந்தக் கை காட்டிச்சோ, அந்தக் கை வெளங்குமா? வெளங்காது! சொல்லிட்டேன்!"

அருவருப்பை வெளியே கொட்டிவிட்டதில் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முதலாளியின் காது மடல் சிவந்துவிட்டது. "சத்தம் போடாதீங்க. உள்ள வாங்க. வந்து நீங்களே கண்ணால பாருங்க," என்றார். மூக்கக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். தங்கச்சி புருஷனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

சமையல்கட்டு அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தரை கழுவி உலர்ந்திருந்தது. கத்திகள் அளவு வாரியாகத் தொங்கின. பெட்டியைச் சுற்றித் தாராளமாக ஐஸ். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அழுக்காக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

"நாங்க பிடிக்கிறது மீன் மட்டும்தான். இறால் தொழிற்சாலையிலேர்ந்து வருது," என்றார் முதலாளி. "அங்க பரிசோதனை பண்ணி, டேப் ஒட்டித்தான் அனுப்புறாங்க. சுகாதார ஆபீஸர் வந்தா காட்டறதுக்கு ஒண்ணுவிடாம வச்சிருக்கோம். பாருங்க."

சுவரைக் காட்டினார். வெள்ளை ஓடு பதித்த சுவரில், மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, மஞ்சள் டேப்.

மூக்கக்கா கிட்டே போனாள். தேதி இருந்தது, மணி இருந்தது. காலையில் ஒட்டியவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. மீதியெல்லாம் மூன்று நாற்பது. நாலு பத்து. நாலு முப்பத்தைந்து. மூன்று இருபது. நாலு ஐம்பது, அன்றைக்கு வேனைப் பிடிக்க ஓடியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு சுழி, சுழிக்கு ஒரு வால். கடைசி டேப்பில் முந்தாநாள் தேதி. நாலு இருபது. சூப்பர்வைசர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும், அவள் 'தூ' என்றதும், பிறகு ஒட்டியதும் கண் முன்னால் வந்து நின்றன. அவள் மூக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு என்றுதான் சொல்லியிருக்கிறது. கைதான் மஞ்சளை ஒட்டியிருக்கிறது.

முதலாளி அவள் அப்படி நின்றதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். "இந்தச் சுழிக் கையெழுத்துப் போடறவங்க ரொம்பக் கறாராம். தப்பான சரக்கு அவங்களத் தாண்டி வராதாம். வண்டிக்காரர் அடிக்கடி சொல்வாரு. அதனால நாங்க மோந்தே பாக்கறதில்லம்மா. அதுக்குன்னே அங்க ஒரு ஆளு இருக்காங்களே."

தங்கச்சி புருஷன் கொதித்துப்போனார். "எந்த நாய் இதப் பாஸ் பண்ணுச்சு? அக்கா, உங்க எடத்து ஆளாத்தான் இருக்கும். பேரச் சொல்லுங்க, நாளைக்கே வந்து உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நான்தான் மாப்பிள்ளை."

"என்னது?"

"அந்த நாய் நான்தான். அது என் கையெழுத்து."

தங்கச்சி புருஷன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு முதலாளி நிதானமாக, நிஜமாகவே புரியாதவராகக் கேட்டார்: "அப்போ இவ்வளவு நேரம் என்னை எதுக்கும்மா திட்டினீங்க?"

அந்த மூன்று மணி வழக்கத்தை அவள் ஒளிக்காமல் இருவரிடமும் சொன்னாள். தொட்டியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். "அந்தப் பெட்டியக் கொட்டிடுங்க. நான் எழுதித் தர்றேன்," என்று சொல்லி, அங்கேயே ஒரு காகிதம் வாங்கி, சரக்கு ஆகாது என்று எழுதி, சுழியும் போட்டுக் கொடுத்தாள். அந்தச் சுழியைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருடம் அதைப் போட்ட கையை வெட்டி அந்தப் பெட்டியோடு கொட்டிவிடலாம் போல இருந்தது.

வெளியே வந்தபோது தங்கச்சி தட்டை ஒரு காகிதத்தால் மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்துச் சொல்லத் தெரியாத வாய் அது. மஞ்சள், மூன்று மணி, சுவர், சுழி என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். தங்கச்சி கேட்டுக்கொண்டே அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லக்கா," என்றாள் கடைசியில். "நான்தான் திங்கலையே. நீதானே தட்டிவிட்ட."

மூக்கக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடகி மறுபடி பாட ஆரம்பித்தாள். தங்கச்சியின் விரல் தாளத்துக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது. எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நெற்றி சுருங்கியது.

"அக்கா."

"ம்."

"நம்ம தெருமுனைக் கடைக்காரரு. பாவம், நடுத்தெருவுல வச்சு அப்படித் திட்டினியே. அந்தப் பெட்டியில டேப் இருந்துச்சா?"

மூக்கக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "செருப்புல ஒண்ணு ஒட்டிட்டு வந்துச்சு."

"என்ன கலரு?"

"மஞ்சள்."

"எழுத்து இருந்திருக்குமே. சுழி இருந்துச்சாக்கா?"

"திருப்பிப் பாக்கலடி. குச்சியால தள்ளிவிட்டுட்டேன்."

"ஊர்ல இருக்கிற நாத்தமெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு தேடிக் கண்டுபிடிப்ப. அத ஏன்க்கா திருப்பிப் பாக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு விவரம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். மூக்கக்காவுக்கு என்னென்னவோ சொல்லலாம் என்று தோன்றியது. அவசரம் என்று சொல்லலாம், அசிங்கமாக இருந்தது என்று சொல்லலாம், அன்றைக்கு மனசு சரியில்லை என்று சொல்லலாம். நாள் முழுவதும் எதையெதையோ கண்டு சுளித்த முகம் இப்போது எந்தப் பக்கம் சுளிப்பது என்று தெரியாமல் கிடந்தது.

"பாத்தா தெரிஞ்சிருமேன்னுதான்," என்றாள்.

தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் கிட்டப் போய்ப் பாட்டாவது கேக்குறேன்," என்று எழுந்தாள். எழும்போது மூக்கக்காவின் முழங்கை வழக்கம் போலத் தானாக நீண்டது. தங்கச்சி அதைப் பிடிக்கவில்லை. பறவை எச்சம் அப்பியிருந்த அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, மேடைப் பக்கம் தனியாக நடந்தாள். கையை அங்கே வைக்காதே என்று சொல்ல மூக்கக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் தட்டை எடுக்க வந்து, அவளைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போய்விட்டார். மேடைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி மூன்று பத்து.